மஞ்சள் வயர்

செப்டம்பர் 9, திங்கள்

சிவகாசிக்காரனுக்கு டைரிக்குப் பஞ்சமில்லை. ஆடிப்பெருக்கு முடிந்ததுமே அடுத்த வருஷத்து மாதிரி டைரிகள் மேசைக்கு வந்து குவியும். இதுவரை வந்ததையெல்லாம் சொந்தக்காரர்களுக்குக் கொடுத்துவிடுவேன். இதை மட்டும் நான் வைத்துக்கொண்டேன். அச்சடித்த தேதியை அடித்துவிட்டு மேலே இந்த வருஷத் தேதியை எழுதுகிறேன். நடந்ததை அன்றன்றே எழுதி வைத்தால், நாளைக்கு யாராவது கேட்கும்போது தடுமாற வேண்டியதில்லை.

இன்று செல்வகனியின் அச்சகத்தில் தாள் வெட்டும் கட்டிங் மெஷினில் ஒரு ஆளின் கை போய்விட்டது. கட்டர் சுடலைமணி. வலது கையில் இரண்டு விரல். என் கார்டு மாட்டிய மெஷின்.

கார்டு என்றால் காவல். அது என்னவென்று எழுதிவிடுகிறேன். ஊரில் உள்ள கட்டிங் மெஷின்கள் பாதிக்கு மேல் பழசு. கத்தி இறங்கினால் இறங்கினதுதான். நான் செய்து விற்பது, கத்திக்கு முன்னால் குறுக்கே ஓடும் ஒளியும் அதோடு இணைந்த ஒரு சின்னக் கம்ப்யூட்டரும். கை ஒளிக்குள் நுழைந்தால் கத்தி நிற்க வேண்டும். கை வெளியே வரும்வரை மறுபடி இறங்கக் கூடாது. அவ்வளவுதான் சரக்கு. சைக்கிளில் கத்திச் சாணை பிடித்துக்கொண்டு திரிந்தவன் நான். இந்தக் கார்டுதான் என்னைக் கார் ஏற்றியது. சும்மா சும்மா மெஷின் நின்றுவிடுகிறது என்பதுதான் இதுவரை எனக்கு வந்த ஒரே புகார். நிற்கவில்லை என்று யாரும் சொன்னதில்லை.

தகவல் வந்ததும் ஓடினேன். சுடலைமணியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தார்கள். முருகன் படம் போட்ட காலண்டர் கட்டு அப்படியே கத்தியடியில் இருந்தது. அதைப் பற்றி எழுத வேண்டாம். சென்சார் கண்ணாடியை வேட்டி நுனியால் துடைத்துப் பார்த்தேன். சுத்தமாக இருந்தது. விளக்கும் எரிந்தது. விரலை நீட்டினேன், கார்டு "உள்ளே கை" என்று காட்டியது.

"டேப் ஒட்டியிருப்பான் அண்ணாச்சி" என்றான் செல்வகனி. "கண்ணு மேல பளபள டேப்ப ஒட்டிட்டா ஒளி அதுல பட்டே திரும்பிரும், மெஷின் நிக்காதுல்ல. வெட்டுக்கு இவ்வளவுன்னு கூலி. நின்னா அவனுக்குத்தான நட்டம்? எல்லாப் பயலும் ஒட்டுறானுங்க."

சில இடங்களில் அப்படி ஒட்டுகிறார்கள் என்பது உண்மைதான்.

வீட்டுக்கு வரும் வழியில் என் மனைவி கனகமணிக்குக் கண் மருந்து வாங்கினேன்.

செப்டம்பர் 10, செவ்வாய்

செல்வகனியிடமிருந்து அந்தக் கார்டைக் கழற்றி வந்து ஜெபாவிடம் கொடுத்தேன். ஜெபராணி, நாசரேத்துப் பெண். கார்டுக்குள் ஓடும் புரோகிராம் எல்லாம் அவள் எழுதியது. சென்னையில் கிடைத்த வேலையை விட்டுவிட்டு வந்தவள். கெட்டிக்காரி. வாய் மட்டும் கொஞ்சம் நேர்.

"டேப் இருந்துச்சா அண்ணாச்சி?"

"செல்வகனி சொல்றான்."

"நீங்க பாத்தீங்களா?"

"நான் போகும்போது ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிட்டாங்க."

"அவரத் தூக்கிட்டுப் போனவங்க டேப்பையும் பிச்சுக்கிட்டா போனாங்க?"

எனக்கு வேறு வேலை இருந்தது. மதுரைக்குப் பார்சல் அனுப்ப வேண்டும். போய்விட்டேன்.

செப்டம்பர் 12, வியாழன்

தொழிலகப் பாதுகாப்பு ஆய்வாளர் அலுவலகத்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள். செல்வகனி எனக்கு முன்னாலேயே எழுதிக் கொடுத்திருந்தான். அதையே என்னிடமும் காட்டினார்கள். ஆளுக்கொரு விதமாக எழுதினால் வீண் குழப்பம். சென்சாரின் மேல் டேப் ஒட்டப்பட்டிருந்ததைப் பார்த்தேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன். சீசன் நேரம். காலண்டர் வேலை கார்த்திகை வரை ஓடும். இந்த நேரத்தில் கார்டு சரியில்லை என்று ஒரு பேச்சு கிளம்பினால் மறுபடி அடக்க முடியாது.

ஆஸ்பத்திரிக்கு ஆப்பிளும் சாத்துக்குடியும் கொடுத்துவிட்டேன். நான் போகவில்லை. போனால் கூட்டம் கூடும்.

செப்டம்பர் 13, வெள்ளி

சுடலைமணியைச் செல்வகனி வேலையை விட்டு நிறுத்திவிட்டான். இழப்பீட்டுக் கேள்வியே எழாது, அலட்சியம் அவனுடையது என்று சொல்லிவிட்டானாம். அது அவர்கள் இரண்டு பேர் விவகாரம்.

செப்டம்பர் 16, திங்கள்

நம் பட்டறையில் ஒரு பழைய கட்டிங் மெஷின் கிடக்கிறது. ஜெபா செல்வகனியின் கார்டை அதில் மாட்டினாள். கைக்குப் பதிலாக வாழைத்தண்டு. காலையில் சந்தையிலிருந்து நானே ஒரு கட்டு வாங்கி வந்தேன்.

தொடர் ஓட்டத்தில் போட்டோம். தேர்ந்த கட்டர்கள் அப்படித்தான் வேலை செய்வார்கள். ஒவ்வொரு வெட்டுக்கும் பட்டன் அழுத்துவதில்லை. கத்தி வெட்டிவிட்டு மேலே போகும், மறுபடி இறங்கும். அந்த இடைவெளியில் கையை விட்டுத் தாள் கட்டைத் திருப்பி வைப்பார்கள். கை உள்ளே இருக்கும்வரை கார்டு கத்தியைப் பிடித்து வைத்திருக்கும். அதை நம்பித்தான் கையை விடுகிறார்கள்.

மத்தியானம்வரை தண்டை நீட்டினோம், கத்தி நின்றது. நீட்டினோம், நின்றது. எனக்கு மூச்சு வந்தது. "பாத்தியா? கார்டுல ஒண்ணும் இல்ல" என்றேன்.

"கவுண்டர மாட்டலையே" என்றாள்.

கவுண்டர், இந்த வருஷம் சேர்த்த புதுச் சரக்கு. கத்தி மேலே போய் முட்டும் ஒவ்வொரு தடவையும் ஒரு எண் கூடும். எத்தனை வெட்டு என்று முதலாளிக்குத் தெரியும், கூலிக் கணக்கில் சண்டை இல்லை. அதற்காகவே இந்த வருஷம் கார்டு பறந்தது. கவுண்டரிலிருந்து கார்டுக்கு ஒரு மஞ்சள் வயர் வரும். அதை மாட்டினாள்.

மாட்டிய பிறகும் நின்றது. நின்றுகொண்டேதான் இருந்தது. பிறகு அவள், "நாம மெதுவா நீட்டுதோம் அண்ணாச்சி. சுடலைமணி அண்ணன் மெதுவாவா வேலை பாப்பாரு?" என்று சொல்லி, கத்தி மேலே போய் முட்டுகிற அதே கணத்தில் தண்டை உள்ளே நுழைக்க ஆரம்பித்தாள். அப்படி நேரம் பிடிப்பது லேசில்லை. பல தடவை தப்பியது, கத்தி நின்றது.

சாயங்காலம் ஒரு தடவை நிற்கவில்லை.

தண்டு இரண்டானது. ஓசை பெரிதாக இல்லை. கார்டில் "உள்ளே கை" என்று காட்டவே இல்லை. ஜெபா பின்னால் போய்ச் சுவரில் சாய்ந்துகொண்டாள். இன்னொரு தடவை செய் என்றேன். செய்தாள். கொஞ்ச நேரத்தில் இன்னொரு தண்டும் இரண்டானது.

மிச்சத் தண்டை வீட்டுக்குக் கொண்டுவந்தது தப்பு. கனகமணி கூட்டு வைத்துவிட்டாள். வயிறு சரியில்லை என்று சொல்லி மோர் மட்டும் குடித்தேன்.

செப்டம்பர் 17, செவ்வாய்

ஜெபா விளக்கினாள். புரிந்த அளவுக்கு எழுதுகிறேன்.

"கார்டுல உள்ள கம்ப்யூட்டர் எந்நேரமும் ஏதாவது ஒரு வேலையப் பாத்துக்கிட்டே இருக்கும். ஒளியோ கவுண்டரோ அவசரமாக் கூப்பிட்டா, கையில உள்ளத அப்படியே போட்டுட்டு ஓடணும். அந்தக் கூப்பாட்டுக்குத்தான் இன்டரப்ட்னு பேரு. ஓடிப் போயி, யாரு கூப்பிட்டாங்கன்னு பாத்து, வேண்டியதச் செஞ்சுட்டுத் திரும்பணும். அந்த ஓட்டம் எப்படி ஓடணும்னு எழுதுததுதான் டிரைவர்."

"சரி. ஓடலையா?"

"ஓடுச்சு. கவுண்டர் கூப்பிட்டதும் ஓடுச்சு. ஓடி, புது எண்ண, எண் காட்டுத பலகையில எழுதிக்கிட்டு நின்னுச்சு. அது மெதுவான வேலை. அந்நேரம் பாத்து ஒளி கூப்பிட்டுச்சு. ரெண்டும் வாரது ஒரே வழியில. எழுதி முடிச்சுட்டு, வந்த கூப்பாடெல்லாம் தீந்துதுன்னு மொத்தமா அழிச்சுட்டுத் திரும்பிட்டு. ஒளி கூப்பிட்டதும் அதோட சேந்து அழிஞ்சிட்டு."

"ஒளி மறுபடி கூப்பிடாதா?"

"கை நுழையும்போது ஒரு தடவதான் கூப்பிடும் அண்ணாச்சி. உள்ளயே இருந்தா கூப்பிடாது. கார்டப் பொறுத்தவரைக்கும் அங்க கையே இல்ல."

கடையில் ஒரே ஒரு மணி. டீக்காரனும் அதைத்தான் அடிக்கிறான், தீப்பிடித்தாலும் அதைத்தான் அடிக்கிறார்கள். நான் டீயை வாங்கி வைத்துவிட்டு, மணி அடித்ததற்கு ஆள் பார்த்தாயிற்று என்று உட்கார்ந்துவிட்டேன். இப்படித்தான் எனக்குப் புரிந்தது.

ஆனால் நெஞ்சில் நிற்பது வேறு. மெதுவாக வேலை செய்பவன் கையை விடுவதற்குள் எண் எழுதி முடிந்திருக்கும். அவன் கை தப்பிக்கும். கத்தி மேலே முட்டும்போதே கையைக் கொண்டுபோகிற வேகக்காரனைத்தான் இது பிடிக்கும். யார் நன்றாக வேலை செய்கிறானோ அவனை.

"இதை எழுதினது?" என்றேன்.

"நான்தான். ஆடிப்பெருக்குக்குள்ள கவுண்டர் வேணும்னு அவசரப்படுத்தினீங்க. ஆனா அதச் சொல்லித் தப்பிக்க மாட்டேன். எனக்குத் தெரிஞ்சிருக்கணும். வந்ததும் எது எது கூப்பிட்டுச்சுன்னு குறிச்சுக்கிட்டு, அத மட்டும் அழிக்கணும். எண் எழுதுத வேலையப் பெறவு பாத்துக்கலாம்னு தள்ளி வைக்கணும். திரும்புததுக்கு முன்னால இன்னொரு தடவ எட்டிப் பாக்கணும். படிச்சதுதான் இதெல்லாம்."

இரண்டையும் ஒரே வழியில் விடச் சொன்னது யார் என்று அவள் கேட்கவில்லை. தனி வழிக்குப் பெரிய போர்டு வேண்டும். பெரிய போர்டு விலை கூடுதல்.

செப்டம்பர் 18, புதன்

மச்சான் தனபாலன் அச்சகத்துக்குப் போனேன். கனகமணியின் தம்பி. சும்மாதான் போனேன், ரொம்ப நாளாயிற்று. காபி குடித்தேன். ஆள் பற்றாக்குறை, அவர் மகன் அவினாஷே கட்டிங்கில் நிற்கிறான். நல்ல சுறுசுறுப்பு. இரண்டு மெஷினிலும் தூசி அதிகமாக இருந்தது, கார்டைத் திறந்து துடைத்துக் கொடுத்தேன். கவுண்டரில் சின்னக் கோளாறு, பிறகு பார்க்கிறேன், அதுவரை எண் ஓடாது என்று சொல்லிவிட்டு வந்தேன்.

வழியில் கார் டயருக்குக் காற்று பிடித்தேன்.

செப்டம்பர் 20, வெள்ளி

ஜெபா புது டிரைவர் முடித்துவிட்டாள். நேற்று முழுக்க வாழைத்தண்டு. ஒன்றுகூட வெட்டுப்படவில்லை. இன்னும் ஒன்று கேட்கிறாள். ஒளியிலிருந்து ஒரு தனி வயர் நேராக பிரேக்குக்குப் போக வேண்டுமாம், அவளுடைய புரோகிராம் நடுவில் இல்லாமலே கத்தி நிற்கும்படி. "நான் எழுதினதயும் நம்பக் கூடாது" என்கிறாள். செலவுதான். சரி என்றேன்.

எனக்கு ஒரு வழி தோன்றியது. அக்டோபர் பதினொன்றாம் தேதி ஆயுத பூஜை. அன்றைக்கு ஊரில் ஒரு மெஷின் ஓடாது. அதற்குள் புதுக் கார்டுகள் தயாராகிவிடும். பூஜையன்று ஆட்களை அனுப்பி, புது மாடல் வந்திருக்கிறது, இலவசமாக மாற்றித் தருகிறோம் என்று எல்லா இடத்திலும் மாற்றிவிடலாம். யாருக்கும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. பேரும் கெடாது, நன்றியும் சொல்வார்கள்.

ஜெபா கையிலிருந்த கார்டை மேசையில் வைத்தாள்.

"அதுவரைக்கும் அண்ணாச்சி?"

"அதுவரைக்கும் என்ன? இத்தனை நாள் ஓடலையா? நீயேதான சொன்ன, அவசரமானது ஒண்ணு, பெறகு பாக்க வேண்டியது ஒண்ணுன்னு."

"கத்திய நிறுத்துதது அவசரம். கார்டு மாத்துதது பெறவு. நீங்க ரெண்டையும் பெறவுக்குத் தள்ளுதீங்க." பிறகு சொன்னாள்: "மஞ்சள் வயரப் பிடுங்கினா போதும். கவுண்டர் ஓடாது, ஆனா கை தப்பிக்கும். எல்லாருக்கும் ஒரு போன் போட்டுச் சொல்லலாம்ல?"

"ஏன்னு கேப்பாங்களே."

"கேக்கட்டும்."

கேட்டால் சொல்ல வேண்டும். சொன்னால் சுடலைமணி என்று ஒரு பேர் வரும். அப்புறம் நான் எழுதிக் கொடுத்த காகிதம் வரும். அவளுக்கு வியாபாரம் தெரியாது. பூஜைவரை பொறு என்றேன்.

செப்டம்பர் 22, ஞாயிறு

போன் அடித்தால் எடுக்கக் கை வரவில்லை. இரண்டு மணி அடிக்கட்டும் என்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். எல்லாம் விலை கேட்கும் போன்.

செப்டம்பர் 23, திங்கள்

"யாருக்குப் பயப்படுறீங்க?" என்று கேட்டாள் கனகமணி. போனில் எதையாவது விற்கப் பார்க்கிறவர்கள் தொல்லை என்றேன்.

செப்டம்பர் 25, புதன்

புதுக் கார்டு ஒன்றை நிஜ வேலையில் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று ஜெபா தனபாலன் அச்சகத்துக்குப் போயிருந்தாள். என்னிடம் சொல்லியிருந்தால் வேறு இடத்துக்கு அனுப்பியிருப்பேன்.

திரும்பி வந்து என் மேசைக்கு முன்னால் நின்றாள். உட்காரவில்லை.

"அங்க ரெண்டு மெஷின்லயும் மஞ்சள் வயர் கழண்டு கிடக்கு."

"கவுண்டர்ல கோளாறு."

"கவுண்டர மாட்டிப் பாத்தேன். நல்லா ஓடுது. பதினெட்டாம் தேதி நீங்க வந்து தொடச்சீங்களாமே, அவினாஷ் சொன்னான். வயர் நுனியில டேப் சுத்தியிருக்கு. நீங்க சுத்தினதுதான?"

"ஆமா. ஷாக் அடிச்சிரக் கூடாதுல்ல."

"இந்த விவகாரத்துல டேப்ப நான் இன்னைக்குத்தான் முதல்ல பாக்கேன் அண்ணாச்சி."

சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் நானும் போட்டிருப்பேன். தன் இடத்துக்குப் போய்த் தலையைக் குனிந்துகொண்டு வேலையைப் பார்த்தாள்.

வீட்டுக்கு வந்ததும் உடனே எழுத உட்காரவில்லை. ஒன்பதாம் தேதிப் பக்கத்தைப் புரட்டினேன். பன்னிரண்டாம் தேதியையும் படித்தேன். இரண்டும் என் கையெழுத்துதான்.

செப்டம்பர் 26, வியாழன்

காலையில் போனை எடுத்தேன். மாலைவரை வைக்கவில்லை. ஜெபா பக்கத்தில் உட்கார்ந்து யார் யாருக்குச் சொல்லியாயிற்று என்று பார்த்துக்கொண்டாள்.

ஒரே பேச்சுதான். மெஷினை நிறுத்துங்க. கார்டைத் திறந்து மஞ்சள் வயரைப் பிடுங்குங்க. பிடுங்கின பெறகு ஓட்டுங்க. எங்க கார்டுல தப்பு இருக்கு. வேகமா வேலை பாக்குறவன் கை உள்ள இருக்கிறது சில நேரம் அதுக்குத் தெரியாமப் போகுது. பூஜைக்குள்ள மாத்தித் தர்றேன்.

"கவுண்டர் இல்லாம எப்படிக் கூலி போட?" என்றார் விருதுநகர்க்காரர் ஒருவர்.

"எண்ணிப் போடுங்க. போன வருஷம் எண்ணலையா?"

இன்னொருவர் கெட்ட வார்த்தையில் ஆரம்பித்து அதிலேயே முடித்தார். சாத்தூரில் ஒருவர், "அண்ணாச்சி, பணத்தைத் திருப்பிக் குடுத்துட்டு உங்க சனியனக் கழட்டிட்டுப் போங்க" என்றார். சரி என்றேன். ஒருவர் மட்டும் ஒன்றும் திட்டவில்லை. பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சுடலைமணி கை போனது என்னைக்கு அண்ணாச்சி? நீங்க எனக்கு இன்னைக்குப் போன் போடுறீங்க. இடையில என் ஆளு எத்தனை தடவை கைய விட்டிருப்பான்?" என்றார். கேட்டுவிட்டுப் போனை வைத்துவிட்டார்.

தனபாலனுக்கும் போட்டேன். "எங்களுதத்தான் அன்னைக்கே கழட்டிட்டீங்களே அத்தான்" என்றார். சந்தோஷமாகச் சொன்னாரா என்று தெரியவில்லை.

கடைசியாகச் செல்வகனி.

"அண்ணாச்சி, உங்களுக்குப் புத்தி கலங்கிருச்சா? டேப்புன்னு ரெண்டு பேரும் எழுதிக் குடுத்திருக்கோம்."

"நான் டேப்பப் பாக்கல செல்வகனி. நீ பாத்தியா?"

"எனக்கு அச்சகம் நடக்கணும். உங்களுக்குக் கார்டு விக்கணும். ரெண்டு பேருக்கும் ஒரே கதை போதும்னுதான எழுதினோம்? இப்ப நீங்க மட்டும் நல்லவனாகப் போறீங்க."

நல்லவன் கதை இல்லை இது. நல்லவன் பதினேழாம் தேதி போன் போட்டிருப்பான்.

செப்டம்பர் 27, வெள்ளி

ஆய்வாளர் அலுவலகம். முன்னால் எழுதிக் கொடுத்தது தப்பு என்று புதிதாக எழுதிக் கொடுத்தேன். அதிகாரி இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படித்தார்.

"அன்னைக்குப் பாத்தேன்னு எழுதியிருக்கீங்க. இன்னைக்குப் பாக்கலைங்கிறீங்க. எது சரி?"

"இன்னைக்கு எழுதினது சார். கண்ணாடி சுத்தமா இருந்துச்சு. என் வேட்டியாலதான் தொடச்சேன்."

"இது உங்க மேல திரும்பும், தெரியும்ல?"

"தெரியும்."

ஜெபாவும் வந்திருந்தாள். நான் வரச் சொல்லவில்லை. டிரைவரில் எந்த இடத்தில் தப்பு, யார் எழுதினது என்று தனியாக ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். வெளியே வந்து கரும்புச்சாறு குடித்தோம்.

செப்டம்பர் 29, ஞாயிறு

திருத்தங்கலில் சுடலைமணி வீடு. கனகமணியும் வந்தாள். கிளம்பும் முன் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன், அவினாஷ் மெஷின் உட்பட. "என் தம்பி மகன்னு மட்டும் அன்னைக்கே ஞாபகம் வந்துச்சாக்கும்" என்றாள். பிறகு போகும் வழியெல்லாம் ஜன்னலைப் பார்த்தபடி வந்தாள்.

சுடலைமணி கட்டிலில் உட்கார்ந்திருந்தார். எழப் பார்த்தார், வேண்டாம் என்றேன். கையில் கட்டு. இருபது வருஷமாகக் கத்தியடியில் நிற்கிறவர். அவர் வேகத்தைப் பார்க்கவே சில முதலாளிகள் நிற்பார்கள்.

சொல்ல வந்ததைச் சொன்னேன். கார்டு தப்பு. ஒளி கூப்பிட்டது, கார்டு அதைக் கேட்காமல் அழித்துவிட்டது. டேப் இல்லை. நான் பார்க்காததைப் பார்த்ததாக எழுதினேன். மாற்றி எழுதிக் கொடுத்துவிட்டேன், இனி இழப்பீடு வரும். என் பங்கையும் நான் தருவேன்.

அவர் மனைவி வேலம்மா கதவுப் பக்கம் நின்றிருந்தாள். திடீரென்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

சுடலைமணி கட்டுப் போட்ட கையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார்.

"நான் ஒட்டல அண்ணாச்சி" என்றார். "ஒட்டலன்னு எனக்குத் தெரியும். ஆனா எல்லாரும் ஒட்டினேன் ஒட்டினேன்னு சொல்லவும், எழுதியே குடுத்துட்டாங்கன்னு சொல்லவும்... ஒருவேள ஒட்டியிருப்பேனோன்னு ஆயிருச்சு. மறந்துட்டேனோன்னு. படுத்துக்கிட்டு அந்த மெஷினையே நெனச்சுப் பாப்பேன். இவகிட்டயே சொல்லிட்டேன், நான்தான் ஒட்டியிருப்பேன் போலன்னு. இவளும் நம்பிட்டா. புள்ளைங்க படிக்குதுன்னு தெரிஞ்சும் இப்படிச் செஞ்சீகளேன்னு மூணு நாள் என்கூடப் பேசல."

நான் அவரிடம் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன்.

"அத விடுங்க" என்றார். கோபமாக இல்லை. "அவளக் கூப்பிடுறேன். இப்பச் சொன்னத அவகிட்ட இன்னொரு தடவ சொல்லிட்டுப் போங்க. என் காதுல விழுற மாதிரி."

வேலம்மா வந்தாள். இன்னொரு தடவை சொன்னேன்.

அக்டோபர் 11, வெள்ளி

ஆயுத பூஜை. ஊரில் மெஷின் சத்தம் இல்லை. எல்லா மெஷினிலும் சந்தனமும் குங்குமமும், கத்தி மேலே பூ. நான், ஜெபா, பட்டறை ஆட்கள், நாலு வண்டியில் பிரிந்து போனோம். மெஷினை இன்றைக்குத் தொடலாமா என்று சில வீட்டுப் பெண்கள் தயங்கினார்கள். பொட்டு கலையாமல் திறந்து மாற்றினோம். பெரிய போர்டு. ஒளிக்கு ஒரு வழி, கவுண்டருக்கு ஒரு வழி. ஒளியிலிருந்து பிரேக்குக்கு நேராகவும் ஒரு வயர். மாற்றிய இடத்திலெல்லாம் கொஞ்சம் ஓட்டி, தண்டை நீட்டிக் காட்டினோம். சாத்தூர்க்காரர் மாதிரி சிலர் கழற்றியே கொடுத்துவிட்டார்கள். வாங்கிக்கொண்டேன்.

செல்வகனி அச்சகத்தில் அவன் இல்லை. மேனேஜரிடம் சொல்லி வைத்திருந்தான், புதுசை மாட்ட விட்டார்கள். ஆய்வாளர் அங்கே வந்துபோன பிறகு இழப்பீட்டுக்குச் சம்மதித்துவிட்டானாம். என் மேல் வழக்கு இருக்கிறது. வந்தால் பார்ப்போம்.

அக்டோபர் 15, செவ்வாய்

பூஜை முடிந்து மெஷின்கள் ஓட ஆரம்பித்துவிட்டன. மேசையில் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. முதல் மணியிலேயே எடுத்தேன். செல்வகனி. அன்றைக்குப் பிறகு இப்போதுதான் பேசுகிறான்.

"உங்க புதுக் கார்டு மாட்டின மெஷின் காலையில இருந்து நிக்குது, ஓடுது, நிக்குது, ஓடுது. வேலையே நடக்கல. சும்மா சும்மா நிக்குதுன்னா எப்படி?"

"எதுக்கு நின்னுச்சு?"

"ஒரு தடவ காலண்டர் அட்டை ஓரம் பட்டுச்சாம்."

"நிக்கட்டும்."

"இன்னொரு தடவ ஒண்ணுமே இல்ல, புதுப் பய சட்டை நுனி லேசா ஒளியில பட்டிருக்கு. அதுக்குப் போயி..."

"சட்டைக்குள்ள என்ன இருந்துச்சு செல்வகனி?"

அந்தப் பக்கம் மெஷின் ஓடும் சத்தம் கேட்டது. கத்தி இறங்கியது, ஏறியது. பிறகு நின்றது.

நான் போனை வைக்கவில்லை. மறுபடி ஓட ஆரம்பிக்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தேன்.